பள்ளிக்குப் பணம் கேட்கும் வாக்குச்சீட்டில் ‘வேண்டாம்’ என்றால் என்ன பொருள்?

2012-இல் கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன், பள்ளிகளைக் காப்பாற்ற வரியை உயர்த்துங்கள் என்று மாநிலம் முழுக்க வாக்குக் கேட்டார். மக்களும் சரி என்றார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் 900 கோடி டாலர் தரும் இன்னொரு திட்டம் வாக்குச்சீட்டில் வந்தது. அதே பிரவுன் இந்த முறை அதை எதிர்த்தார்.

நான்கு ஆண்டில் அவர் மனம் மாறிவிட்டாரா? மாறவில்லை. அவர் எதிர்த்தது பணத்தைத் திரட்டிப் பங்கிடும் வழியைத்தான். இந்த ஒரு வேறுபாடு புரியாததால் ஒவ்வொரு தேர்தலிலும் வீண் சண்டை நடக்கிறது. கலிபோர்னியாவில் இருக்கும் தமிழர்களின் வாட்ஸாப் குழுக்களிலும் இதைப் பார்க்கலாம். “பள்ளிக்கு வேண்டாம் என்று வாக்களிப்பவனுக்கு மனசாட்சி உண்டா?” என்று ஒருவர் கேட்பார். “இருக்கிற வரி போதாதா?” என்று இன்னொருவர் பதில் போடுவார். வாக்குச்சீட்டில் இருப்பது கடனா வரியா, யார் கட்டுவது, யார் கைக்குப் போகிறது என்பதை இருவருமே பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் படிப்படியாகப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

வரியை மக்களிடமே கேட்பது

நம் ஊரில் வரி போடுவது சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி மன்றங்களின் வேலை. தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து வருகிறது. அது வேண்டுமா வேண்டாமா என்று நம்மிடம் யாரும் வாக்கெடுப்பு நடத்தியதில்லை.

கலிபோர்னியாவில் 1911 முதல் வேறு ஏற்பாடு. போதிய கையெழுத்துகளைத் திரட்டினால் குடிமக்களே ஒரு சட்டத்தை எழுதி வாக்குச்சீட்டில் ஏற்றலாம். சட்டமன்றமும் சில விஷயங்களை மக்கள் முன் வைத்தே ஆக வேண்டும். இப்படி நேரடி வாக்கெடுப்புக்கு வரும் கேள்விக்கு முன்மொழிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். மாநில அளவிலான முன்மொழிவுகளுக்கு எண் உண்டு. உள்ளூர் முன்மொழிவுகளுக்கு எழுத்து.

இன்னொரு சொல், பள்ளி மாவட்டம். இது நம் வருவாய் மாவட்டம் போன்றதில்லை. பள்ளிகளை நடத்துவதற்கென்றே இருக்கும் தனி உள்ளாட்சி அமைப்பு இது. அதற்குத் தேர்தலில் வென்று வரும் தனி வாரியம் உண்டு, தனிக் கடன் உண்டு, தனி வரவு செலவு உண்டு. கலிபோர்னியாவில் இப்படி 900-க்கும் மேல் இருக்கின்றன.

ஆக, ஒரே தேர்தலில் ஒரே வாக்காளர் முன் பள்ளி பற்றிய இரண்டு மூன்று முன்மொழிவுகள் வரலாம். 2012 நவம்பரில் அதுதான் நடந்தது. பிரவுன் முன்வைத்தது 30-ஆம் முன்மொழிவு. அதிக வருமானக்காரர்களின் வருமான வரியை ஏழு ஆண்டுகளுக்கும், விற்பனை வரியை நான்கு ஆண்டுகளுக்கும் உயர்த்துவது அதன் திட்டம். போட்டியாக வந்த 38-ஆம் முன்மொழிவு, ஏறக்குறைய எல்லோருடைய வருமான வரியையும் 12 ஆண்டுகளுக்கு உயர்த்தச் சொன்னது. அதற்கு மாநிலப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் ஆதரவு இருந்தது. முதலாவது சுமார் 55 சதவீதம் பெற்று வென்றது. இரண்டாவதற்குக் கிடைத்தது சுமார் 29 சதவீதம். அன்று 38-க்கு ‘வேண்டாம்’ போட்டவர்களில் ஏராளமானோர் அதே சீட்டில் 30-க்கு ‘சரி’ போட்டவர்கள். அவர்களைப் பள்ளியின் எதிரிகள் என்று எப்படிச் சொல்வது?

ஒரே தெரு, இரண்டு வீடு

அடுத்ததைப் புரிந்துகொள்ள 1978-க்குப் போக வேண்டும். அதற்கு முன் பள்ளிச் செலவின் பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வந்தது. இதில் ஓர் அநியாயம் இருந்தது. 1968-69 கல்வியாண்டில் பணக்காரர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸ் ஒரு மாணவருக்கு 1,232 டாலர் செலவிட்டது. அதே லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது ஏறக்குறைய நம் வருவாய் மாவட்டம் போன்றது) இருக்கும் பால்ட்வின் பார்க் செலவிட்டது 577 டாலர். இத்தனைக்கும் பால்ட்வின் பார்க் மக்கள் கட்டிய வரி விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல். விலை குறைந்த வீடுகள் இருக்கும் ஊரில் எவ்வளவு பிழிந்தாலும் சொட்டுதான் வரும். செரானோ வழக்கில் 1971-இல் மாநில உச்ச நீதிமன்றம் இந்த முறை சமத்துவத்துக்கு விரோதமானது என்று சொன்னது.

1970-களில் வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது, சொத்து வரியும் கூடவே ஏறியது. வீடு இருந்தும் வரி கட்டக் காசில்லாத முதியவர்கள் தவித்தார்கள். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 1978-இன் 13-ஆம் முன்மொழிவு. வரி எதிர்ப்பு இயக்கத்தை நடத்திய ஹோவர்ட் ஜார்விஸும் பால் கேனும் எழுதியது. ஏறக்குறைய 65 சதவீத ஆதரவோடு வென்றது. அடிப்படைச் சொத்து வரி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. வீடு கைமாறினால்தான் சந்தை விலைக்கு வரும். வரிக் கணக்கில் இருக்கும் இந்த மதிப்பைத்தான் இனி ‘வரி மதிப்பு’ என்று சொல்லப்போகிறேன்.

இதன் விளைவை ஒரு கற்பனைத் தெருவில் பார்க்கலாம். ஒருவர் 1995-இல் 2 லட்சம் டாலருக்கு வீடு வாங்கியிருந்தால், ஆண்டுக்கு 2 சதவீதம் கூட்டிக்கொண்டே வந்தாலும் இன்று அதன் வரி மதிப்பு சுமார் மூன்றரை லட்சம்தான். பக்கத்தில் அதே அளவு வீட்டைப் போன ஆண்டு 14 லட்சத்துக்கு வாங்கியவரின் வரி மதிப்பு 14 லட்சம். அடிப்படை வரி முன்னவருக்கு 3,500 டாலர், பின்னவருக்கு 14,000. இருவர் வீட்டுப் பிள்ளைகளும் போவது ஒரே பள்ளிக்கு.

இப்போது அந்த ஊர்ப் பள்ளி மாவட்டம், ஒரு லட்சம் வரி மதிப்புக்கு 60 டாலர் கூடுதலாகக் கேட்கிறது என்று வையுங்கள். பழையவருக்கு 210 டாலர், புதியவருக்கு 840. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஃப்ரீமான்ட், சான் ரமோன் பக்கம் அண்மையில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வீட்டில் இருப்பவர்கள். அவர்களில் சிலருக்கு அந்த வரி மதிப்பைப் பார்த்ததும் வரும் தயக்கத்தைக் கருமித்தனம் என்று தள்ளிவிட முடியாது.

சுருக்கமாகச் சொன்னால், 1978-க்குப் பிறகு சொத்து வரி வருமானம் பாதிக்கும் கீழே விழுந்தது. பள்ளிகளுக்கு முக்கியமாகப் பணம் தருவது மாநில அரசு என்றாகிவிட்டது. பள்ளி மாவட்டம் தன் மக்களிடம் கூடுதலாகக் கேட்க வேண்டுமென்றால் மிஞ்சியவை இரண்டே பெரிய வழிகள்: கடன் பத்திரம், மனை வரி.

கடன் பத்திரம்: வீட்டுக் கடன் மாதிரி

கையில் காசில்லை, ஆனால் வீடு வேண்டும். வங்கியில் கடன் வாங்கி 20 ஆண்டு தவணை கட்டுகிறோம். பள்ளி மாவட்டம் வகுப்பறை கட்ட, கூரை மாற்ற, பழைய குழாய்களைப் பெயர்த்து எடுக்க இதையேதான் செய்கிறது. முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கி, வட்டியோடு திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் தாள்தான் கடன் பத்திரம்.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்கள் இரண்டு. கடன் பத்திரப் பணம் கட்டடத்துக்கும் அதற்கு வேண்டிய தளவாடங்களுக்கும்தான். ஆசிரியர் சம்பளத்துக்கு அதில் ஒரு டாலர்கூட எடுக்கக்கூடாது. “ஆசிரியர்களுக்குச் சம்பளமில்லை, அதனால் இதற்கு வாக்களியுங்கள்” என்று யாராவது சொன்னால், அவர் விஷயம் தெரியாமல் பேசுகிறார்.

அடுத்தது, யார் கட்டுவது என்பது. உள்ளூர்க் கடன் பத்திரம் என்றால் உங்கள் சொத்து வரி ரசீதில் ஒரு புது வரி முளைக்கும். 60 டாலர் கணக்கு அதுதான். மாநிலக் கடன் பத்திரம் என்றால் உங்கள் ரசீதில் எதுவும் தெரியாது. மாநிலத்தின் பொதுக் கஜானாவிலிருந்து தவணை போகும். ஆசிரியர் சம்பளம், மருத்துவ உதவி எல்லாவற்றுக்கும் பணம் போவதும் அதே கஜானாவிலிருந்துதான். வரி ஏறவில்லை என்பதால் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2016-இன் 51-ஆம் முன்மொழிவு கேட்ட அசல் 900 கோடி டாலர். 35 ஆண்டுகளில் வட்டி சுமார் 860 கோடி ஆகும் என்று மாநிலச் சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகம் கணக்குப் போட்டது.

வட்டி குட்டி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு சான் டியேகோ பக்கம் பவே என்ற ஊர் சாட்சி. அந்தப் பள்ளி மாவட்டம் 2011-இல் சுமார் 10.5 கோடி டாலர் கடன் வாங்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு தவணையும் கட்ட வேண்டியதில்லை. 2033-இல் தொடங்கினால் போதும். அன்றைய வரி ஏறாது என்று மக்களுக்குச் சொல்ல வசதியாக இருந்தது. ஆனால் திருப்பித் தர வேண்டியது ஏறக்குறைய 98 கோடி. வாங்கியதைப்போல ஒன்பது மடங்குக்கும் மேல்! அன்று அந்தப் பள்ளியில் படித்த குழந்தைகள் வளர்ந்து, வீடு வாங்கி, தாங்கள் உட்கார்ந்த பெஞ்சுக்கான கடனைக் கட்டப்போகிறார்கள். செய்தி வெளியானதும் மாநிலம் அதிர்ந்தது. இத்தகைய பத்திரங்களில் திருப்பித் தரும் மொத்தத் தொகை அசலைப்போல நான்கு மடங்கைத் தாண்டக்கூடாது, 25 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று 2013-இல் சட்டம் வந்தது.

பவேயைப் படித்தவருக்குக் கடன் பத்திரம் என்றாலே சந்தேகம் வருவது இயல்பு. அதே சமயம், எல்லாக் கடன் பத்திரமும் பவே அல்ல. கட்டடம் 40 ஆண்டு நிற்கும் என்றால், அதன் செலவை 30 ஆண்டுக்குப் பிரித்துக் கட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஐந்தாறு ஆண்டில் பழசாகிவிடும் கணினிகளை 30 ஆண்டுக் கடனில் வாங்கினால் நான் எதிர்ப்பேன்.

உள்ளூர்க் கடன் பத்திரத்துக்கு முன்பு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 2000-த்தில் 39-ஆம் முன்மொழிவு அதை 55 சதவீதமாகக் குறைத்தது. பதிலுக்குச் சில கட்டுப்பாடுகளைப் போட்டது: திட்டங்களின் பட்டியலை முன்பே தர வேண்டும், ஆண்டுதோறும் தணிக்கை வேண்டும், குடிமக்கள் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும்.

மனை வரி: திருவிழாத் தலைக்கட்டு மாதிரி

ஊரில் அம்மன் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். பத்து ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவருக்கும் கூலி வேலைக்குப் போகிறவருக்கும் ஒரே தொகை. கணக்கு எளிது, சண்டை குறைவு. ஆனால் இல்லாதவருக்கு அது பாரம். மனை வரியும் ஏறக்குறைய இதுவே. சொத்தின் மதிப்பைப் பார்க்காமல், ஒரு மனைக்கு ஆண்டுக்கு இத்தனை டாலர் என்று போடுவது. இந்தப் பணத்தில் ஆசிரியர் சம்பளம் தரலாம், நூலகரை வைத்துக்கொள்ளலாம், இசை வகுப்பு நடத்தலாம். அதனால் பள்ளிகளுக்கு இது மிகவும் வேண்டிய வழி. பள்ளி வாரியம் முன்வைக்கும் மனை வரிக்கு இன்றும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. 100 பேரில் 66 பேர் ‘சரி’ என்றாலும் தோற்றுவிடும்.

லாஸ் ஏஞ்சலஸில் 2019 ஜனவரியில் ஆசிரியர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெற்றோர்கள் மழையில் நனைந்துகொண்டு அவர்களோடு நின்றார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள், ஜூன் மாதம், ‘இஇ’ என்ற மனை வரி முன்மொழிவு வந்தது. ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டாலர், 12 ஆண்டுகள். மனைக்கு ஒரே தொகை என்று இல்லாமல், கட்டடத்தின் ஒரு சதுர அடிக்கு 16 சென்ட் என்று வைத்தார்கள். 1,500 சதுர அடி வீட்டுக்கு ஆண்டுக்கு 240 டாலர். பெரிய வணிகக் கட்டடங்களுக்கு இது பெரும் தொகை என்பதால் வணிகச் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. பணம் வகுப்பறைக்குப் போகுமா, ஓய்வூதியப் பாக்கிக்குப் போகுமா என்ற கேள்வியையும் எழுப்பின. மூன்றில் இரண்டு பங்கு வேண்டிய இடத்தில் பாதிகூடக் கிடைக்கவில்லை. சுமார் 46 சதவீதம்தான்.

ஆசிரியர்களுக்காகத் தெருவில் நின்ற அதே ஊர், சில மாதத்தில் இப்படி வாக்களித்தது. ஆசிரியர் மேல் மதிப்பு இருப்பதும், பள்ளி மாவட்டத்தின் கணக்கு வழக்கை நம்புவதும் இரு வேறு விஷயங்கள். இரண்டாவதைச் சம்பாதிக்காமல் முதலாவதை மட்டும் நம்பி வாக்குக் கேட்டால் இப்படித்தான் ஆகும் என்பது என் எண்ணம்.

இரண்டு குழாய், ஒரு தொட்டி

மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு குழாயில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் மாநகராட்சித் தண்ணீர். மாநகராட்சிக் குழாயைப் பெரிதாக்கினால் தொட்டி நிரம்பி வழியும் என்று நினைப்போம். ஆனால் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் கிணற்று மோட்டாரை நிறுத்திவிட்டால்? மட்டம் பழையபடியே இருக்கும்.

பள்ளிக்கென்று தனி வரி போடும்போது எழும் நேர்மையான அச்சம் இது. பழைய ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் புதுப் பணத்தை வைப்பதை ‘இட்டு நிரப்பல்’ என்று சொல்லலாம். இதைத் தடுக்க 1988-இல் வந்த 98-ஆம் முன்மொழிவு, மாநிலம் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் ஆண்டுதோறும் குறைந்தபட்சம் இவ்வளவு தந்தே ஆக வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டது. அது ஏறத்தாழ பொதுக் கஜானாவில் 40 சதவீதம். தொட்டியில் ஒரு கோடு கிழித்து, இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்பது போல.

ஆனால் கோட்டுக்கு மேலே விளையாட இடம் இருக்கிறது. 2022-இல் கலை, இசைக் கல்விக்கு ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர் தரும் 28-ஆம் முன்மொழிவு அமோகமாக வென்றது. பழைய செலவுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தக்கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தது. அப்படியும், இட்டு நிரப்பல் நடந்துவிட்டது என்று 2025-இல் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டத்தின் மீது வழக்கு வந்தது. தொடுத்தவர்களில் அந்த முன்மொழிவை எழுதியவரும் ஒருவர். மாவட்டம் குற்றச்சாட்டை மறுத்தது. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். பணம் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை என்பது தெரிகிறதல்லவா?

முதலில் வந்தவருக்கு முதல் பந்தி

இப்போது பிரவுனிடம் திரும்பலாம். அவருடைய எதிர்ப்புதான் எனக்கு மிகவும் கனமானதாகப் படுகிறது.

மாநிலக் கடன் பத்திரப் பணம் ஒரு பள்ளிக் கட்டடத்தின் முழுச் செலவையும் ஏற்பதில்லை. புதுக் கட்டடத்துக்கு மாநிலம் 50 சதவீதம், பழையதைச் சீரமைக்க 60 சதவீதம் தரும். மீதியைப் பள்ளி மாவட்டம் போட வேண்டும். எங்கிருந்து? உள்ளூர்க் கடன் பத்திரத்திலிருந்து. நல்ல விலை போகும் வீடுகள் இருக்கும் ஊருக்கு இது எளிது. பால்ட்வின் பார்க் கதை இங்கே மறுபடி தலைகாட்டுகிறது. மேலும், விண்ணப்பம் முதலில் போட்டவருக்கு முதலில் பணம். பெரிய மாவட்டங்களில் இதற்கென்று ஆட்களும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். கலிபோர்னியாவின் விவசாயப் பகுதியான மத்தியப் பள்ளத்தாக்கில், ஒரு சிற்றூர்ப் பள்ளி மாவட்டத்தில் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளரே விண்ணப்பத்தையும் எழுத வேண்டும், சில சமயம் பள்ளிப் பேருந்தையும் கவனிக்க வேண்டும். பந்தி முடிந்த பிறகுதான் அவர் இலையோடு வருவார்.

இதில் வீடு கட்டி விற்கும் நிறுவனங்களுக்கு என்ன வேலை? மாநிலத்திடம் பள்ளிக் கட்டடப் பணம் தீர்ந்துபோனால், புது வீடுகளால் வரும் பள்ளிச் செலவை அந்த நிறுவனங்களிடம் கூடுதலாக வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. கடன் பத்திரம் வென்றால் அந்தச் சுமை அவர்கள் தலையில் விழாது. 51-ஆம் முன்மொழிவுக்குப் பெரும் பணம் போட்டவர்களில் அவர்கள் முன்னணியில் இருந்தார்கள். பிரவுனின் கோபம் இதில்தான். ஏழைப் பள்ளிகளுக்குப் போக வேண்டிய பணம் சிதறுகிறது என்றார். முன்மொழிவு சுமார் 55 சதவீதம் பெற்று வென்றது.

வருத்தமான திருப்பம் அடுத்து வந்தது. 2020 மார்ச்சில் 1,500 கோடி டாலர் கடன் பத்திரம் வாக்குக்கு வந்தபோது, முதலில் வந்தவருக்கு முதல் என்ற விதியை மாற்றி, தேவை அதிகமுள்ள மாவட்டங்களுக்கு முன்னுரிமை தர எழுதியிருந்தார்கள். அது சுமார் 47 சதவீதத்தோடு தோற்றது. காரணங்களில் ஒன்று எண்ணே என்று பலர் கருதினார்கள். முன்மொழிவுகளின் எண்கள் பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும். இதற்கு விழுந்த எண் 13! 1978-இன் பிரபலமான 13-ஐ யாரோ கலைக்கப் பார்க்கிறார்கள் என்று பலர் பயந்தார்கள். உண்மையான எதிர்ப்பும் இருந்தது. ஹோவர்ட் ஜார்விஸ் பெயரில் இயங்கும் வரி செலுத்துவோர் சங்கம், இது பள்ளி மாவட்டங்களின் உள்ளூர்க் கடன் வரம்பையும் உயர்த்துகிறது, சொத்து வரி ஏறப்போகிறது என்று சொன்னது. வரம்பு உயர்ந்தாலும் புதிய உள்ளூர்க் கடனுக்கு மறுபடி வாக்கெடுப்பு வேண்டும் என்பதை அந்தப் பிரசாரம் அழுத்திச் சொல்லவில்லை. பிரவுன் சுட்டிய குறையைச் சரிசெய்த முன்மொழிவு தோற்றதில் எனக்கு இன்னும் ஆற்றாமை உண்டு. 2024-இல் 1,000 கோடிக்கு வந்த 2-ஆம் முன்மொழிவு வென்றது. வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மாநிலப் பங்கை 5 சதவீதப் புள்ளி வரை கூட்டித் தருகிறது. சிறிய முன்னேற்றம்தான்.

கையேட்டை எங்கிருந்து படிப்பது

தேர்தலுக்கு முன் கலிபோர்னியா வாக்காளர்களுக்கு அரசே ஒரு கையேடு அனுப்புகிறது. பெரும்பாலோர் முதலில் ஆதரவு, எதிர்ப்பு வாதங்களைப் படிக்கிறார்கள். அவற்றை எழுதுவது இரு தரப்புப் பிரசாரக்காரர்கள். நான் அவற்றைக் கடைசியில் படிக்கச் சொல்வேன். சட்டமன்ற ஆய்வாளரின் பகுதியில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை ஆண்டு என்பது நடுநிலையாக இருக்கும். அங்கே தொடங்குங்கள். உள்ளூர்க் கடன் பத்திரம் என்றால் கவுண்டி அனுப்பும் கையேட்டில் ஒரு லட்சம் வரி மதிப்புக்கு எத்தனை டாலர் என்று இருக்கும். உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்து வரி மதிப்பைப் பார்த்துப் பெருக்கினால் உங்கள் பங்கு தெரிந்துவிடும். சந்தை விலையால் பெருக்கிப் பயப்பட வேண்டாம். இந்தத் தவறைப் படித்தவர்களே செய்கிறார்கள். அப்புறம் திட்டங்களின் பட்டியல். “தேவையான மேம்பாடுகள்” என்று மொட்டையாக இருக்கிறதா, எந்தப் பள்ளியில் எந்தக் கூரை என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஒருவர் ‘வேண்டாம்’ போட்டால் அந்த முடிவை நான் மதிப்பேன். “பள்ளிக்கு ஏற்கெனவே நிறையக் கொடுத்தாயிற்று” என்று மட்டும் சொல்லிப் போடும் ‘வேண்டாம்’ அப்படியில்லை. எந்தப் பள்ளிக்கு, எவ்வளவு, எதற்குப் போதும் என்று அதில் பதில் இல்லை.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாததால் இந்த வாக்கெடுப்புகளில் பங்கெடுக்க முடியாத தமிழர்கள் நிறையப் பேர். சொத்து வரி மட்டும் அவர்களும் கட்டுகிறார்கள், டிசம்பர் 10-க்குள் ஒரு தவணை, ஏப்ரல் 10-க்குள் இன்னொன்று. அவர்களுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 55 சதவீதத்தில் வென்ற கடன் பத்திரங்களுக்கான கண்காணிப்புக் குழுக் கூட்டங்களில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம், இந்தக் கூரை ஏன் இன்னும் ஒழுகுகிறது என்று எழுந்து கேட்கலாம்.